32-ஆம் வாரத்திலிருந்து உடன் வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மகள் பிறந்து ஆறு வாரம் ஆகிறது. அவள் தூங்கும் நேரம் பார்த்துத் துண்டு துண்டாக எழுதியது இது. முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, கர்ப்பத்தின் 32-ஆம் வாரத்தில் அந்த இரவு போனை எடுத்த ட்யூட்டி சிஸ்டருக்கு. அடிவயிறு இறுகுவதும் தளர்வதுமாக இருந்ததைப் பொய்வலி என்று நினைத்து மூன்று மணி நேரம் சும்மா இருந்துவிட்டேன். பொய்வலி என்றால் எழுந்து நடந்தாலோ, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை, இடைவெளிதான் குறைந்துகொண்டே வந்தது. அதைச் சொன்னதும், "யோசிக்காம கிளம்பி வாங்கம்மா, ஒண்ணுமில்லன்னா திரும்பிப் போயிடலாம்" என்றார். அந்த இரண்டாம் பாதிதான் என்னைக் கிளப்பியது.

அன்று இரவே தொடையில் ஓர் ஊசி. 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. ஊசி எனக்குத்தான், மருந்து குழந்தையின் நுரையீரலுக்கு. ஈரமான பிளாஸ்டிக் பை உள்ளே ஒட்டிக்கொண்டு திறக்க அடம்பிடிக்குமே, குறைமாதக் குழந்தையின் நுரையீரலும் அப்படித்தான் என்று விளக்கினார் டாக்டர். காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு பொருளை நுரையீரலே சுரக்கிறது. அது போதிய அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும். முந்திப் பிறந்துவிட்டால் மூச்சுத் திணறும் என்பதால், இந்த ஸ்டீராய்டு ஊசி அந்த வேலையை முடுக்கிவிடுகிறது. நடுராத்திரியில் நின்று இவ்வளவும் பொறுமையாகச் சொன்ன டாக்டருக்கு என் இரண்டாவது நன்றி.

மூன்றாவது நன்றி ஒரு செம்மறி ஆட்டுக்குட்டிக்கு. சிரிக்காதீர்கள். நியூசிலாந்து மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவம் எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலேயே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டு, பிழைக்கவே வாய்ப்பில்லாத அளவு முந்திப் பிறந்த ஒரு குட்டி, மறுநாள் காலையில் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. அவர் தேடியது வேறு, கண்ணில் பட்டது இது. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து கர்ப்பிணிகளிடம் அவர் நடத்திய ஆய்வு 1972-இல் வெளியானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூக்கம் வராமல் கிடந்தபோது அதைப் படித்தேன். எனக்குப் போட்டது அதே சங்கிலியில் வந்த ஊசிதான்.

வலி நின்றது. ஒவ்வொரு வாரமும் லாபம் என்று எண்ண ஆரம்பித்தோம். நான் கேட்காமலே என் வேலைகளை எடுத்துக்கொண்ட அலுவலகத் தோழிக்கும், நெஞ்செரிச்சலில் நான் உட்கார்ந்தே தூங்கிய நாட்களில் பக்கத்தில் தானும் உட்கார்ந்தே தூங்கிய கணவருக்கும், தரையில் பாய் விரித்துக் கிடந்த அம்மாவுக்கும் தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது. அவர்களுக்குத் தெரியும்.

36-ஆம் வாரத்தில் ஒருநாள் அசைவு குறைந்த மாதிரி இருந்தது. "கடைசி மாசத்துல உள்ள இடம் இருக்காது, அசைவு குறையத்தான் செய்யும்" என்று அக்கறையோடுதான் பலரும் சொன்னார்கள். அவர்கள்மேல் கோபம் இல்லை, ஆனால் அது தவறு. உதை உருளலாக மாறலாம், அசைவது குறையக் கூடாது. இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்து எண்ணினேன். 2 மணி நேரத்தில் 10 அசைவு என்பது எனக்குச் சொல்லியிருந்த கணக்கு. நான்குதான் வந்தது.

மறுபடியும் அதே வாசல், வேறொரு சிஸ்டர். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்க வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். துடிப்பு 140-ஐ ஒட்டி ஓடியது. மேடம் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்! கொஞ்ச நேரத்தில் ஓர் உதை, உடனே துடிப்பு 160-க்கு ஏறி இறங்கியது. குழந்தை நன்றாக இருப்பதற்கு அந்த ஏற்றம்தான் அடையாளமாம். எனக்கோ வெட்கம். தேவையில்லாமல் தொந்தரவு பண்ணிவிட்டேன் என்றேன். "நாளைக்கும் இப்படி இருந்தா நாளைக்கும் வாங்க" என்றார் அவர், பெல்ட்டைச் சுருட்டியபடி.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சிஸ்டர், உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். இந்த மடலில் பாதி உங்களுக்குத்தான்.

38 வாரம் முடிந்து நான்காம் நாள் பிறந்தாள். 2.9 கிலோ.

சரி, எழுந்துவிட்டாள். நுரையீரல் பிரமாதமாக வேலை செய்கிறது, தெருமுனை வரை கேட்கும்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மா