ஐந்து வண்டியோடு வருகிற மகளுக்கு

வியாசர்பாடி,
கார்த்திகை மாதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட நீங்கள் அலங்கரித்த ஐந்து வண்டியின் படமும் பார்த்தேன்மா. அம்பாசடர் மேல் கிளிஞ்சல், மாருதி 800 மேல் சோடா மூடி, ஆம்னி பக்கவாட்டில் கரும்பலகை, டாடா ஏஸில் கோலம், ஆட்டோவுக்கு மீன் முகம். ஜோராத்தான் இருக்கு. ஆனால் பொன்னேரி, பழவேற்காடு பக்கம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் பிள்ளைகள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்காது, கையை வைக்கும். வைக்கத்தான் வேண்டும். "தொடாதே" என்று கத்த ஒரு ஆளை நிறுத்துவதாக இருந்தால் இவ்வளவு டீசல் செலவு எதற்கு? அதனால் அந்தக் கையை நினைத்துத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் ஒட்டு. எதில் ஒட்டினீர்கள் என்று நீ எழுதவில்லை. ஃபெவிகால் என்றால் மார்கழிப் பனியிலேயே ஊறி உரியும். அரால்டைட் காய்ந்தால் கல்லு மாதிரி. வெயிலில் தகடு விரியும், ராத்திரி சுருங்கும், ரோட்டில் குலுங்கும். அதோடு சேர்ந்து அரால்டைட் வளையாது, விட்டுவிடும். சிலிகான்தான் சரி. அதிலும் காடி வாடை அடிக்கிற மலிவு சரக்கு வேண்டாம், வெறும் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்கு. ஒட்டுகிற இடத்தில் பழைய பெயின்ட் பளபளப்பு போக 120 நம்பர் எமரி ஷீட் போட்டுத் தேய்த்து, தின்னர் துணியால் துடை. தகடு தெரிகிற இடத்தில் துரு தடுக்கிற ரெட் ஆக்சைடு பெயின்ட் ஒரு கோட். பழவேற்காட்டில் உப்புக் காற்று, அதை விட்டால் கிளிஞ்சலுக்கு அடியிலேயே துரு கிளம்பும்.

கிளிஞ்சலின் குழியை முழுக்க சிலிகானால் நிரப்பி அழுத்து. ஓரத்தில் மட்டும் தடவினால் உள்ளே வெற்றிடம் நிற்கும், பிள்ளை ஊன்றினதும் நொறுங்கும். நொறுங்கின கிளிஞ்சல் பிளேடு மாதிரி. சிலிகான் காற்றின் ஈரத்தில் வெளியிலிருந்து உள்ளே காய்வது. ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் இறுகும். பெரிய கிளிஞ்சலை ஒரு வாரம் தொடாதே. சோடா மூடிக்கு 21 பல். பல் முழுக்க சிலிகானுக்குள் புதைய வேண்டும், வெளியே மழமழ முகம் மட்டும் தெரியணும். எல்லாம் முடிந்ததும் வாட்டர் சர்வீஸுக்கு விடு. ஒரு அடி தூரத்தில் பைப்பைப் பிடித்து அடித்தால் விழாதது, பிள்ளை நெம்பினாலும் விழாது. அப்படியும் நாலு மூடி போகும், போகட்டும். ஒரு டப்பாவில் மூடியும் ஒரு ட்யூபும் கையில் வை.

கதவு இடுக்கு, கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய், ரேடியேட்டர் கிரில், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதிலும் எதுவும் ஒட்டாதே. கண்ணாடியில் சன் ஃபிலிம் வேண்டாம், 2012இல் உச்ச நீதிமன்றமே தடை போட்டது. ஆர்.சி.யில் எழுதின நிறம் ஒன்று, வண்டியின் நிறம் இன்னொன்று என்று இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் மாட்டுவாய். பதிவு செய்த ஆர்.டி.ஓ.விலேயே மாற்றி எழுதி வாங்கு, இன்சூரன்ஸுக்கும் தெரிவி. கோலத்தின் பின்னணியில் ஒரு பச்சை தெரிகிறதே, அது ராணுவப் பச்சை என்றால் மாற்று. ராணுவ வண்டி தவிர யாரும் அந்த நிறம் அடிக்கக் கூடாது என்று விதியே இருக்கு. மீன் முகத்தில் கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம்மா. நம்ம ஊரில் இரண்டு நிறம் சேர்ந்தாலே கட்சிக் கொடி.

பள்ளிக்கூடம். தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் சரி என்று சொன்னாலும் வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடு. எத்தனை வண்டி, யார் யார், எத்தனை மணி, ஆர்.சி., லைசென்ஸ் நகல், விளம்பரம் எதுவும் இல்லை என்று ஒரு வரி. இது எதற்கு என்று ஆசிரியர்கள் கேட்டால், 1975இல் கால்டர் என்ற சிற்பி வண்ணம் தீட்டின பி.எம்.டபிள்யூ பிரான்ஸில் லெ மான் கார் பந்தயத்திலேயே ஓடினதையும், அமெரிக்காவில் ஹூஸ்டனில் 1988இலிருந்து இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஊர்வலமே நடப்பதையும் சொல்லு. நம்ம மாதவரம் லாரி பெயின்டர்களையும் சேர்த்துச் சொல்லு.

தை பிறந்து பொங்கல் முடிந்த பிறகுதான் சரியான நேரம். அதற்கு முன்னால் மைதானம் சேறு, மாசி போனால் பரீட்சை. முதல் நாளே ஒருத்தர் டேப்போடு போய் கேட்டின் அகலமும் வளைவின் உயரமும் அளக்கணும். தொங்குகிற கரண்ட் ஒயரையும் பார்க்கணும். மீனுக்கு முதுகுத் துடுப்பு வைத்திருக்கிறாயே, அதற்குச் சொல்கிறேன்.

எண்ணூர், மணலி வழியாக வராதே, கன்டெய்னர் டிரெய்லர் வரிசையில் மாட்டினால் அம்பாசடர் கொதிக்கும். மூலக்கடை, செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுரோடு, பொன்னேரி என்று போ. 40, 45 வேகம் போதும். ஏஸ் முன்னால், மெக்கானிக் உட்கார்ந்த வண்டி கடைசியில். அம்பாசடர் சூட்டில் இருமி நின்றால் பெட்ரோல் பம்பு மேல் ஈரத் துணி சுற்று, கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி அடைப்பதுதான் காரணம். ஸ்டார்ட்டரைப் போட்டு அறைந்தால் பேட்டரிதான் போகும்.

ஒன்பதுக்குள் உள்ளே நிறுத்திவிடு. சைலன்சர் ஆற முக்கால் மணி நேரம் ஆகும். சக்கரத்துக்குக் கட்டை, பேட்டரி ஒயரைக் கழற்று, சாவி ஒரே ஆள் பாக்கெட்டில். பேட்டரியைக் கழற்றினால் ஹாரன் தொல்லையும் தீரும். ஆம்னியின் தள்ளு கதவைப் பூட்டு, விரல் நசுங்குவது அங்கேதான். அந்தப் பலகைப் பக்கம் மேற்கே பார்க்க நிற்கட்டும். மதியம் வரை நிழல் இருக்கும். கிழக்கே பார்த்தால் பதினோரு மணிக்குக் கறுப்புத் தகடு தோசைக்கல். புதுப் பலகையில் முதலில் சாக்பீஸைப் படுக்க வைத்து முழுக்கத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்துவிடு. இல்லையென்றால் முதல் பிள்ளை போட்ட படம் கடைசி வரை மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

நூறு பிள்ளை என்றால் இருபது இருபதாக ஐந்து கூட்டம். ஒரு வண்டிக்கு 12 நிமிஷம், மாற 3 நிமிஷம், விசில் வை. பத்து மணிக்கு ஆரம்பித்தால் 11:15க்கு முடியும்.

அதற்குப் பிறகு பிள்ளைகளே பெயின்ட் அடிக்க ஒரு பானெட், அதாவது கார் இன்ஜின் மேல் மூடி. புதுப்பேட்டையில் பழைய மாருதி பானெட் ஒன்று வாங்கித் தருகிறேன், பட்டி பார்த்து வெள்ளை எனாமலும் அடித்து வைக்கிறேன். நீ 400 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து மினுமினுப்பை எடு, இல்லாவிட்டால் பிள்ளைகள் பூசுகிற எமல்ஷன் வழுக்கும். ஓரத்துக்குச் சைக்கிள் ட்யூபை நீளமாகக் கீறிச் செருகி, பஞ்சர் சொல்யூஷனால் ஒட்டு. தகட்டு ஓரம் கையைக் கிழிக்கும். இரண்டு பெஞ்சு மேல் படுக்க வை, சுற்றி எட்டுப் பிள்ளை நிற்கலாம். ஒரு லிட்டர் வெள்ளை எமல்ஷன், நிறம் கலக்க ஐந்து ஸ்டெயினர், ஓரங்குல பிரஷ் இருபது. தின்னர், எனாமல் பிள்ளைகள் பக்கமே வரக் கூடாது. கலக்கக் கொட்டாங்குச்சி போதும், ஆனால் உருளும். மணல் கொட்டின தட்டில் பதித்து வை. எமல்ஷன் கையில் பட்டால் தண்ணீரில் போகும், யூனிஃபார்மில் காய்ந்துவிட்டால் போகாது, சாயந்திரம் வீட்டில் அடி விழும். பெரியவங்க பழைய சட்டை இருபது கொண்டு வா, முன்பின்னாகப் போட்டுவிடு. பானெட் அந்தப் பள்ளிக்கே. 12:15க்கு நிறுத்து, சத்துணவு மணி அடித்த பிறகு யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நம்ம பட்டறை வாசலில் இரண்டு வண்டிதான் நிற்கும். மற்ற மூன்றுக்கு இடம் சொல்லிவைக்கணும், தேதி முடிவானதும் போன் பண்ணு. எத்தனை பேர் சாப்பிடுவீர்கள் என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா