ஸ்டெல்லாவுக்கு, சனிக்கிழமை வகுப்பு பற்றி

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள ஸ்டெல்லா,

ஐந்து மாதம் பதில் போடாதவளுக்கு என்ன விழும் என்று தெரியும். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். சூசை மாமா இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை.

உன் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தேன். கடைசியில் உன் தலையிலும் கட்டிவிட்டார்களா? திருமணத் தயாரிப்பு வகுப்பில் குடும்ப நலம், ஒரு மணி நேரம், அதுவும் சாப்பாட்டுக்கு முந்தின மணி நேரம். ஊசி போடப் போனாலே 'கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா' என்பதை மென்று முழுங்குகிறவள் நீ. மேட்ரன் அம்மா இருந்திருந்தால் முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பார்.

நோட்ஸ் கேட்டாய், தருகிறேன். அதற்கு முன் ஒரு சண்டை. அந்த நேரத்தில் மாப்பிள்ளைகளைப் பக்கத்து ஹாலுக்கு அனுப்பி வரவு செலவு வகுப்பு எடுக்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே. பெண்ணிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் கரு தங்கும் நாட்களைப் பார்த்து விலகி இருக்கிற இந்த முறை தோற்கும். ஏன் என்று நீயே பார்.

முதலில் காலண்டர் கணக்கை ஒழி. போன வருஷத்து நோட்டில் அதுதான் இருக்கும். கடந்த மாதங்களின் மிகக் குறுகிய மாதவிலக்குச் சுற்றில் 18 கழி, மிக நீண்டதில் 11 கழி, இடையில் வருவது கரு தங்கக்கூடிய நாட்கள் என்பது கணக்கு. ஒரு பெண்ணுக்கு 26 நாளும் வருகிறது, 33 நாளும் வருகிறது என்று வை. 8ஆம் நாளிலிருந்து 22ஆம் நாள் வரை, பதினைந்து நாள் விலகி இருக்க வேண்டும். புதுசாகக் கல்யாணமானவர்கள் யார் கேட்பார்கள்? அப்படி இருந்தும் ஒரு காய்ச்சல், ஒரு பரீட்சை, ஒரு சாவு வீட்டு அலைச்சலில் கருமுட்டை தள்ளி வந்தால் கணக்கே போச்சு. 1950களில் அம்ரித் கௌர் சுகாதார அமைச்சராக இருந்தபோது ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் மணிமாலை கொடுத்து நாள் எண்ண வைத்துப் பார்த்தார்கள். மாலை மாதாமாதம் மாறாது, உடம்பு மாறாதா?

நீ சொல்ல வேண்டியது பில்லிங்ஸ் முறை. மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ் என்ற நரம்பியல் டாக்டர் 1953இல் தொடங்கியது. பிறகு அவர் மனைவி, குழந்தை மருத்துவர் ஈவ்லினும் சேர்ந்துகொண்டார். கருப்பை வாயிலிருந்து வரும் கசிவைக் கவனிப்பது, அவ்வளவுதான். உள்ளே விரல் விட்டுப் பார்க்கவே கூடாது, இதை இரண்டு தடவை சொல். நடக்கும்போதும், பாத்ரூம் போய்த் துடைக்கும்போதும் வறட்சியா, ஈரமா, வழுக்கலா என்று தெரியும். அந்த உணர்வுதான் முக்கியம். கண்ணுக்குத் தெரிவது அடுத்தது. ராத்திரி படுக்கும் முன் அன்றைக்கு அதிகபட்சம் எப்படி இருந்தது என்பதைச் சார்ட்டில் எழுத வேண்டும். காலையில் பார்த்ததை எழுதிவிட்டுச் சும்மா இருப்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் தப்பு.

விதிகளைப் போர்டில் எழுது. மாதவிலக்கு நாளில் பெரும்போக்கு, அதாவது அதிக ரத்தம், இருக்கும்போது சேர வேண்டாம். சுற்று குறுகியதாக இருந்தால் கசிவின் தொடக்கம் ரத்தத்தில் மறைந்துவிடும். அதன்பின் வறண்ட நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள், அதுவும் ராத்திரி மட்டும். ஏன் ஒன்றுவிட்டு? மறுநாள் வரும் ஈரம் விந்தா கசிவா என்று குழம்பும். கசிவு ஆரம்பித்தால் நிறுத்த வேண்டும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும், வழுக்கும். வழுக்கல் இருக்கிற கடைசி நாள்தான் உச்சநாள். இங்கேதான் எல்லாருக்கும் இடறும்: அது உச்சநாள் என்பது அன்றைக்குத் தெரியாது, மறுநாள் வழுக்கல் போன பிறகுதான் தெரியும். உச்சநாளுக்குப் பின் மூன்று நாள் விட்டு, நாலாம் நாள் காலையிலிருந்து அடுத்த விலக்கு வரை தடையில்லை. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுசு. விதிகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

வெள்ளைப்படுதல், அரிப்பு இருந்தால் முதலில் வைத்தியம், பிறகுதான் சார்ட். சளி மாத்திரை கசிவை வற்றவைக்கும், அதையும் சொல். பால் கொடுக்கிறவளுக்குத் தனிக் கணக்கு: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, விலக்கு திரும்பவில்லை, ராத்திரியும் சேர்த்துத் தாய்ப்பால் மட்டும். மூன்றும் இருந்தால் 100க்கு 98 பேருக்கு மேல் கரு தங்காது. பாட்டி ஒரு வேளை சங்கில் பசும்பால் புகட்டினாலே கணக்கு மாறிவிடும்.

இனி எண்ணிக்கை. மழுப்பாதே. உலக சுகாதார அமைப்பு ஐந்து ஊர்களில் இதைச் சோதித்தது, அதில் நம் பெங்களூரும் ஒன்று. 869 பெண்கள். முதல் சுற்றிலேயே 93 சதவீதம் பேர் தங்கள் கசிவை அடையாளம் கண்டுகொண்டார்கள். படித்தவளா படிக்காதவளா என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் ஒரு வருஷத்தில் 100க்கு ஏறக்குறைய 20 பேருக்குக் கரு தங்கியது. அதே கணக்கைப் பின்னால் பிரித்துப் பார்த்தார்கள்: விதிப்படி நடந்தால் 100க்கு 3, விதியை மீறிக்கொண்டே இருந்தால் 86. கசிவைப் பார்க்கத் தெரியாமல் இல்லை ஸ்டெல்லா. 'இன்றைக்கு வேண்டாம்' என்று அவள் சொல்கிற ராத்திரியில்தான் இந்த முறை உடைகிறது. அந்த ராத்திரியின் இன்னொரு ஆள் வரவு செலவு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்! சார்ட்டை அவனே எழுதட்டும். அவள் சொல்ல, அவன் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

நான் போப் ஆண்டவர் பக்கம், உனக்குத் தெரியும். 1968 ஜூலை 25ஆம் தேதி ஹ்யூமனே விட்டே என்ற போப்பின் சுற்றுமடல் வந்தது. இதை ஆராய்ந்த போப்பின் ஆணையத்தில் பெரும்பாலோர் கருத்தடையை அனுமதிக்கலாம் என்றபோதும் போப் ஆறாம் பவுல் மறுத்தார். தாம்பத்தியத்தின் அன்பையும் பிள்ளைப்பேற்றையும் மனிதன் தன் இஷ்டத்துக்குப் பிரிக்கக்கூடாது என்பது 12ஆம் பத்தி. தகுந்த காரணம் இருந்தால் இயற்கையான நாட்களைப் பார்த்து இடைவெளி விடலாம் என்பது 16. வகுப்பில் 17ஐயும் வாசி. கருத்தடை பழகிய ஆண் பெண்ணின் மேல் மரியாதை இழந்து அவளைத் தன் சுகத்துக்கான கருவியாக்கிவிடுவான், அரசாங்கங்களும் இதைக் கையில் எடுக்கும் என்று எழுதியிருக்கிறார். ஏழே வருஷத்தில் எமர்ஜென்சி. 1976-77இல் மட்டும் 82 லட்சம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்தக் கோபத்துக்குப் பிறகு சர்க்கார் ஆண்கள் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. 2019-21 குடும்ப நல சர்வேயில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. இரண்டாவது பிரசவத்தோடு கட்டிலிலேயே முடித்து அனுப்புகிறார்கள், அவள் புருஷன் வெளியே டீ குடிக்கிறான். இதைச் சொல்லி உலகத்தைக் குறை பேசிவிட்டு, நம் வகுப்பிலும் அவனை வெளியே அனுப்பினால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

கட்டாயம் வரும் கேள்விகள் சில. சிகிச்சைக்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவது பாவமில்லை. பெரும்போக்கு, நீர்க்கட்டி எதற்கானாலும் ஹ்யூமனே விட்டேயின் 15ஆம் பத்தி இடம் கொடுக்கிறது. கட்டிக்காகக் கருப்பையை எடுப்பதும் அப்படியே. குழாயில் கரு தங்கிவிட்டால் அந்தக் குழாயை எடுக்கலாம். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்கிறவள் செத்துப்போவாள், இதை அழுத்திச் சொல். கருக்கலைப்பு கூடாது, அதில் விதிவிலக்கு இல்லை. ஆனால் ஏற்கெனவே செய்துகொண்டவள் ஒருத்தி அந்த ஹாலில் இருக்கக்கூடும். குரலைக் கவனி. பாவசங்கீர்த்தனத் தொட்டி அவளுக்கும் திறந்திருக்கிறது.

பிள்ளை இல்லாமல் ஐ.வி.எஃப்., அதாவது சோதனைக்குழாய்க் குழந்தை, பற்றி யோசிக்கும் உன் அண்ணன் மகள் விஷயம். ஐ.வி.எஃப். கூடாது என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தாதே, செய்யக்கூடியதை முதலில் சொல். தைராய்டு, குழாய் அடைப்பு, என்டோமெட்ரியோசிஸ் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கலாம், முட்டை வளர மாத்திரை சாப்பிடலாம். அந்த சார்ட்டையே திருப்பி வைத்து வழுக்கல் நாட்களில் சேரலாம். அவள் புருஷனுக்கு முதலில் விந்துப் பரிசோதனை. இவளுக்கு லேப்ராஸ்கோப்பி வரை போய்விட்டு அவனுக்கு ஒன்றுமே பார்க்காத கூத்து எத்தனை! துளையிட்ட ஆணுறையில், தாம்பத்திய உறவிலேயே எடுத்து, உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுபோனால் மனசாட்சிக்கும் குறையில்லை.

ஐ.வி.எஃப். ஏன் கூடாது என்பது 1987இல் வந்த டோனும் வீட்டே என்ற வத்திக்கான் ஏட்டில் இருக்கிறது. கரு உண்டாவது தம்பதியின் உறவில் இல்லாமல் டெக்னீஷியன் கையில் நடக்கிறது. மிஞ்சுவது ஃப்ரீசருக்குப் போகிறது. நம் 2021 சட்டம் பத்து வருஷம் வரை வைக்க விடுகிறது. பத்தாம் வருஷம் அந்தக் கருக்கள் என்ன ஆகும் என்று க்ளினிக்கில் கேட்கச் சொல், கேட்டுவிட்டு அவளே முடிவு செய்யட்டும். அதே ஏட்டில் இன்னொன்றும் உண்டு: எப்படிப் பிறந்தாலும் குழந்தை கடவுளின் கொடை, அன்போடு வளர்க்க வேண்டும். அவள் ஐ.வி.எஃப். செய்துகொண்டாலும் அந்தக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நீ முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

அவள் மாமியார் 'பிள்ளை இல்லாவிட்டால் கோயில் கல்யாணத்தை ரத்துப் பண்ணலாம்' என்கிறாராமே? பண்ண முடியாது. திருச்சபைச் சட்டம் 1084: மலட்டுத்தன்மை திருமணத்தைத் தடுக்கவும் செய்யாது, செல்லாததாக்கவும் செய்யாது. முன்பே தெரிந்து மறைத்து ஏமாற்றியிருந்தால் மட்டும் வேறு கதை. எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி அந்த அம்மாவின் ஜெபப்புத்தகத்துக்குள் வை.

சார்ட் 20 பிரதி கூரியரில் வருகிறது. விலக்கு நாளுக்கான சிவப்பு ஸ்டிக்கரும் வறண்ட நாளுக்கான பச்சையும் போதுமான அளவு இருக்கிறது. கசிவு நாளுக்கான, குழந்தைப் படம் போட்ட வெள்ளை ஸ்டிக்கர்தான் தீர்ந்துவிட்டது. வெறும் வெள்ளை ஸ்டிக்கர் வாங்கி நீயே பேனாவில் வரைந்துகொள். நீ வரைந்தால் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும், பரவாயில்லை. ஃபாதர் மாப்பிள்ளைகளை உள்ளே விட்டாரா என்று சனிக்கிழமை ராத்திரியே போன் போடு.

அன்புடன்,
உன் மேரி