காய்ச்சல் விட்ட நேரத்தை எங்கிருந்து எண்ணுவது?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஃப்ளூ வந்த பிள்ளையை எப்போது பள்ளிக்கு அனுப்பலாம் என்று கேட்டால், "காய்ச்சல் விட்ட மறுநாள்" என்பார்கள். காய்ச்சல் தானாக விட்டதா, மாத்திரை அமுக்கி வைத்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இருமல், உடம்புவலி முதலியவையும் குறைந்துகொண்டே வர வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 மார்ச்சில் கொரோனா, ஃப்ளூ, ஆர்எஸ்வி (கைக்குழந்தைகளை அதிகம் படுத்தும் சளிக்காய்ச்சல் வைரஸ்) மூன்றுக்கும் பொதுவாகச் சொன்ன கணக்கு இது. பாராசிட்டமால் 6 மணி நேரம் வரை வேலை செய்யும். செவ்வாய் இரவு 9 மணிக்குக் கடைசி மாத்திரை என்றால், புதன் விடியற்காலை 3 மணியிலிருந்துதான் எண்ண வேண்டும். புதன் முழுக்க வீட்டில் இருந்து, அன்று மாலையும் காய்ச்சல் இல்லை என்றால் வியாழன் பள்ளிக்குப் போகலாம். மாலை அளவு முக்கியம். காலையில் தணிந்து சாயங்காலம் ஏறுவது காய்ச்சலின் சுபாவம். அக்குளில் வைத்துப் பார்க்கும்போது 99 டிகிரியைத் தாண்டினால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

வெளியே போகத் தொடங்கிய பிறகும் 5 நாள் முகக்கவசம் வேண்டும். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால் அந்த 5 நாளும் தனியாகச் சாப்பிடுவது, சன்னலைத் திறந்து வைப்பது நல்லது. காய்ச்சல் திரும்பினால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேறி வந்தவருக்கு மறுபடி கடுங்காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இருமல் மட்டும் மிச்சமிருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை வாரக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டியதில்லை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், காசநோயா என்று பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கொரோனாவுக்கு 'நெகட்டிவ்' சான்று கேட்கும் அலுவலகங்களும் அதை விடலாம். குணமான பிறகும் ஆர்டிபிசிஆர் பரிசோதனை வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டக்கூடும்.

தட்டம்மைக்கும் கக்குவானுக்கும் இந்த 24 மணிக் கணக்கு செல்லாது. தட்டம்மைக்குத் தடிப்பு தோன்றியபின் 4 நாள். கக்குவானுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கி 5 நாள்.

முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகள், காய்ச்சல் விடுப்பை அந்தக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். அந்தப் பரிசுக்காகவே காலையில் மாத்திரை கொடுத்துப் பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள். மதியம் மாத்திரையின் வேகம் தீரும்போது, வகுப்பில் பக்கத்துப் பிள்ளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது அந்தக் குழந்தை.

ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்