மௌன முகாமுக்குப் பேனா எடுத்துப் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள் பேச்சை நிறுத்தித் தங்கித் தியானம் செய்யும் மௌன முகாம்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதற்கு மறுவாரம் வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஓவியமும் ஒருவகைத் தியானம்தான், ஸ்கெட்ச் புத்தகத்தோடு தாராளமாகப் போங்கள் என்கிறார் கட்டுரையாளர். பென்சிலும் ஒரு வாய்தான், போன இடத்தில் அதையும் மூடி வையுங்கள் என்று ஒரு வாசகர் பதில் கொடுத்திருந்தார். வாசகர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. ஆனால் சொன்ன விஷயத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. கட்டுரையாளரின் யோசனையோ எனக்கு அதைவிடவும் ஒட்டவில்லை.

நான் பொறியியல் அலுவலகம் ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணினி வருவதற்கு முன்பு டிரேசிங் தாளில் மைப்பேனாவால் கோடிழுத்துப் பழகிய கை. ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒரு படத்தைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். காட்டுத் தரை. உதிர்ந்த இலை, சுள்ளி, பாசி, எறும்பு, வெடித்துக் காலியான விதை உறை. விசிறிபோல மடிப்பு மடிப்பாக விரியும் நீளத் தாள், கறுப்பு மை மட்டும். நிழல், ஆழம் எல்லாமே புள்ளியும் குறுக்குக்கோடும்தான். வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது, முடிக்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை. அந்தத் தாளோடு மௌன முகாம்களுக்கும் போயிருக்கிறேன், அனுமதித்த இடங்களுக்கு மட்டும்.

இந்த அனுமதி விஷயத்தைக் கட்டுரையாளர் ஒரு வரியில்கூடத் தொடவில்லை. மௌன முகாம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டார் போலும். எஸ். என். கோயங்கா வழியிலான 10 நாள் விபாசனா முகாமில் படிக்க, எழுத எதையும் கொண்டுவரக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. கைப்பேசியைப் போலவே பேனாவும் வெளியே தங்கிவிடும். அங்கே மௌனம் என்பது பேச்சோடு நிற்பதில்லை, சைகை, குறிப்புச்சீட்டு எல்லாம் அதில் அடக்கம். இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லயோலா வகுத்த 30 நாள் தியானப் பயிற்சியில் ஒவ்வொரு தியானத்துக்குப் பிறகும் நடந்ததைத் திரும்பிப் பார்க்கச் சொல்வார்கள், அதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பவர்களும் உண்டு. ஜென் மரபின் செஷின் முகாம்களில் உட்காரும் நேரத்துக்கு நடுவே கைவேலைக்கென்றே ஒரு பொழுது ஒதுக்கியிருப்பார்கள். அதைச் சாமு என்பார்கள். ஆனால் அங்கே என்ன வேலை என்பதை நாம் முடிவு செய்வதில்லை. துடைப்பத்தைக் கொடுத்தால் பெருக்க வேண்டியதுதான், நான் ஓவியர் என்று சொல்லித் தப்ப முடியாது. ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பேனா கூடாது என்ற இடத்தில் ஸ்கெட்ச் புத்தகத்தைத் துணிக்குள் சுருட்டி எடுத்துப் போகிறவர் தியானத்தையும் செய்யப் போவதில்லை, ஓவியத்தையும் உருப்படியாகச் செய்யப் போவதில்லை. பாதிப் பொழுது ஒளித்து வைப்பதிலேயே போய்விடும்.

அதே சமயம், கையில் பேனா இருந்தாலே மௌனம் கெட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. 1084-இல் புரூனோ தொடங்கிய கார்த்தூசியன் என்ற கிறிஸ்தவத் துறவற சபையின் துறவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனி அறையில், பெரும்பாலும் பேச்சே இல்லாமல் வாழ்கிறவர்கள். அவர்களுடைய தலைவராக இருந்த கிகோ 1120-களில் எழுதிவைத்த நடைமுறை விதிகளில், ஒவ்வொரு துறவியின் அறையிலும் இருக்க வேண்டிய எழுதுபொருட்களுக்குப் பட்டியலே இருக்கிறது. இறகுப் பேனாக்கள், சுண்ணக்கட்டி, இரண்டு நுரைக்கல், மை வைக்க இரண்டு கொம்பு, ஒரு சிறு கத்தி, எழுதும் தோல்தாளைச் சுரண்டச் சவரக்கத்தி, அளவுகோல் என்று அது நீள்கிறது. வாயால் போதிக்க முடியாத நாம் கையால் போதிப்போம் என்பது அவர் சொன்ன காரணம். டிராஃப்டிங் மேசையில் காலத்தைக் கழித்த எனக்கு இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். எங்கள் அலுவலகத்து ஸ்டோர் ரூம் சீட்டுகூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

ஆனால் கவனியுங்கள், அந்தத் துறவிகள் செய்தது நூல்களை நகலெடுக்கும் வேலை. எதிரே மூல நூல் இருக்கிறது. அடுத்த எழுத்து எது, அடுத்த வரி எது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே இதைச் சொல்லத்தான். மௌனத்தைக் கலைப்பது பேனா இல்லை, முடிவெடுப்பது. எதை வரையலாம், எந்த மூலையில் தொடங்கலாம், இது நன்றாக இருக்கிறதா, அழித்துவிட்டு வேறு போடலாமா, இதை யாருக்குக் காட்டலாம் என்பதெல்லாம் பேச்சுதான். உதடு அசையவில்லை, அவ்வளவே. வெற்று ஸ்கெட்ச் புத்தகத்தோடு போகிறவர் இந்தப் பேச்சை மூட்டை கட்டி எடுத்துப் போகிறார். தினம் ஒரு படம் என்று வைத்தால், தினமும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு, ஒரு தீர்ப்பு. நீண்டகால வேலைக்கு இந்தத் தொல்லை குறைவு. நேற்று நின்ற இலை நரம்பிலிருந்து இன்று தொடரலாம்.

ஆகவே நான் முகாமுக்குக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து அடுத்த சில மடிப்புகளுக்கு மெல்லிய பென்சில் கோட்டில் எல்லாவற்றையும் வரைந்து முடித்துவிடுவேன். எந்த இலை எதன் மேல் கிடக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், எது கருமை, எது வெளுப்பு எல்லாம் அங்கேயே தீர்ந்துவிட வேண்டும். முகாமில் மை மட்டும்தான். ஒரே எண் பேனாக்கள் மட்டுமே எடுத்துப் போவேன், ஏனென்றால் இரண்டு தடிமன் இருந்தால் எதைப் போடுவது என்ற கேள்வி வந்துவிடும். கைப்பேசியில் இருக்கும் காட்டுப் படங்களைப் பார்க்க வேண்டிய தேவையும் இப்படிச் செய்தால் இருக்காது. தொட்டெழுதும் நிப்புப் பேனாவைத் தவிர்க்கிறேன். சொரசொரப்பான தாளில் அது கீறும் சத்தம், வீட்டில் காதில் விழாதது, அமைதியான கூடத்தில் பக்கத்து ஆளை எழுப்பிவிடும். வழவழப்பான பருத்தித் தாளில், மை உள்ளேயே நிரம்பியிருக்கும் பிக்மென்ட் மைப்பேனா சத்தமில்லாமல் போகும். மைப்புட்டியும் வேண்டாம், கொட்டுமோ என்ற பயமும் வேண்டாம்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சன்னல் வெட்டிய அட்டையைத் தாளின் மேல் வைத்துவிடுவேன். அந்தச் சதுரத்துக்குள் இருப்பது மட்டும்தான் கண்ணில் படும். வரைந்து முடித்த பகுதி மறைந்துவிடும், வரைய வேண்டியதும் மறைந்துவிடும். முதலில் இதை மை படாமல் இருக்கத்தான் செய்தேன். பிறகுதான் தெரிந்தது, மொத்தப் படமும் கண்ணில் படும்போதெல்லாம் மனம் அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் புறப்பட்டுவிடுகிறது என்று.

இப்படி வரையும்போது உட்கார்ந்து செய்யும் தியானத்தில் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. மனம் இருந்த நிலை தாளில் பதிவாகிறது. முகாமின் தொடக்கத்தில் போட்ட குறுக்குக்கோடுகள் இடைவெளி மாறி மாறி, அவசரமாக இருக்கும். பேச்சை நிறுத்தியதும் உள்ளே இரைச்சல் கூடும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது கோட்டில் தெரிகிறது. நாள் போகப் போக இடைவெளி சீராகும். நடுவே திடீரென்று ஒரு இலை முழுக்கக் கறுத்துக் கிடக்கும், அன்று என்ன கோபமோ. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படிக்கலாம். அங்கேயே படிக்கக் கூடாது. படித்தால் அது மதிப்பெண் பட்டியலாகிவிடும்.

கிறுக்கினால் கவனம் கூடும் என்பதற்குக் கட்டுரையாளர் ஓர் ஆய்வைச் சுட்டியிருந்தார், பெயர் சொல்லவில்லை. 2009-இல் வெளியான, உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேடின் ஆய்வாக இருக்கும் என்று நினைக்கிறேன். 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் வடிவங்களுக்குள் பென்சிலால் நிழல் தீட்டினார்கள். பிறகு கேட்டபோது, தீட்டியவர்களுக்கு மற்றவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது. ஆனால் அவர்கள் படம் வரையவில்லை. அச்சடித்த சதுரத்தையும் வட்டத்தையும் நிரப்பினார்கள், அவ்வளவுதான். ஆய்வு கட்டுரையாளர் பக்கம் இல்லை, என் பக்கம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அதையும் நான் பெரிதாகப் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. தொலைபேசியில் ஒரு செய்தி கேட்பது வேறு, நாள் முழுக்க வாயை மூடியிருப்பது வேறு.

நீண்டகால வேலையை வெளியிடத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்பதற்கு ரோமன் ஓபால்காவின் வழி எனக்குப் பிடித்தது. போலந்து ஓவியரான அவர் 1965-இல் ஒரு கேன்வாஸில் 1 என்று எழுதத் தொடங்கி, 2, 3 என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனார். 2011-இல் அவர் இறந்தபோது எண்ணிக்கை 5607249-இல் நின்றது. வெளியூர் போகும்போது பெரிய கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதற்காக எண்ணிக்கையை நிறுத்தவும் இல்லை. சிறிய தாளில் பேனாவால் விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தார், அவற்றுக்குப் பயண அட்டைகள் என்று பெயர். இங்கே அடுத்து என்ன என்ற கேள்விக்கே இடமில்லை, பாருங்கள். ஒரு சிக்கல், அவர் எழுதும் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி ஒலிப்பதிவும் செய்தார். எந்த மௌன முகாமிலும் இடம் கொடுக்கமாட்டார்கள்.

பென்சிலும் ஒரு வாய் என்ற அந்த வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்னது ஓரளவுக்குச் சரி என்று எனக்குக் காட்டியது ஒரு முகாமின் வழிகாட்டி அம்மா. தினமும் சில நிமிடம் தனியே பேச அனுமதி உண்டு. அவர் என் தாளைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "இதை நாளை மாலைவரை என்னிடம் கொடுத்து வைக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன். அடுத்த பொழுது முழுக்க என் விரல்கள் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தன. பேனா இருந்தபோது எட்டிப் பார்க்காத பழைய வீட்டுச் சண்டைகள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. திருப்பிக் கொடுக்கும்போது, வேலை நேரத்தில் மட்டும் வரையுங்கள், உட்காரும் நேரத்தில் வெறுங்கையோடு உட்காருங்கள் என்றார். அன்றிலிருந்து எங்கே போனாலும் அதுதான் என் விதி. வரையப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் முகாமில் ஒரு நாளாவது பேனாவை யாரிடமாவது கொடுத்து வைத்துப் பார்க்கலாம்.

அடுத்தவர் கண்ணும் ஒரு பிரச்சினைதான். வரைகிறவர் பின்னால் ஆள் நிற்பது எல்லா இடத்திலும் நடப்பது. பேசக் கூடாத இடத்தில் அந்த நிற்றலுக்கு எடை கூடிவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் சிரிக்க வேண்டும், சிரித்தால் அது உரையாடல். அதனால் சுவரைப் பார்த்து உட்காருவேன். அப்படியும் ஒரு முறை சக பங்கேற்பாளர் ஒருவர் என் மேசையில் ஒரு துண்டுச்சீட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்: "என்ன பேனா?" அவ்வளவுதான். பதில் எழுதவில்லை. ஆனால் அந்த இரண்டு சொல் என்னை விடவில்லை. மௌனம் முடியும்வரை மனத்துக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்: மைக்ரான் என்ற பேனா, எண் 01 ஐயா, ஆனால் 01 என்பதை வைத்து 0.1 மில்லிமீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள், கோடு 0.25 வரும், அதைவிட மெல்லியது வேண்டுமானால் 005 இருக்கிறது, அது 0.20... இந்தப் பிரசங்கத்தை எத்தனை முறை திருத்தி எழுதினேன் என்று எனக்கே தெரியாது. கடைசி நாள் பேச அனுமதித்ததும் நேரே போய்ச் சொன்னேன். அவர் சீட்டு வைத்ததையே மறந்திருந்தார்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. இந்தப் பத்திரிகையில் வரும் முகாம் அறிவிப்புகளில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, புத்தகத்துக்கு அனுமதி இல்லை என்று தெளிவாகப் போடுகிறார்கள். வரைவது, பின்னுவது, தைப்பது போன்ற கைவேலை பற்றி ஒரு வார்த்தை இருப்பதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு வாசலில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடலாம். உண்டு என்றால் எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று சேர்த்துச் சொல்லலாம். கையில் கைவேலையோடு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லாரும் ஓவியர்கள் இல்லை.

இரண்டாவது, கடைசி நாளில் 'பங்கேற்பாளர்களின் படைப்புகள்' என்று மேசை போட்டு அடுக்கி வைக்கும் வழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். முடிவில் ஒரு கண்காட்சி இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்துவிட்டால், எல்லாரும் அந்த மேசைக்காகத்தான் வரைவார்கள். நானும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராஃப்டிங் ஊழியர் ஒருவர்