வில்லா ஹியூகலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்

ரூர் பகுதித் தமிழாலய ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கோடைச் சுற்றுலா என்றதும் கேளிக்கைப் பூங்காக்களே நம் நினைவுக்கு வருகின்றன. இம்முறை ஜெர்மனியின் எசன் நகரின் தெற்கே, ரூர் ஆற்றைப் பார்த்து நிற்கும் வில்லா ஹியூகலைத் தேர்ந்தெடுங்கள். உருக்கு, ஆயுதத் தொழிலில் பேர்பெற்ற குருப் குடும்பத்தின் மாளிகை அது. எசன் ஹியூகல் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

269 அறைகள், 8,100 சதுர மீட்டர் என்றாலே பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். எனக்கோ அதைக் கட்டியவரின் மனம்தான் பெரிய வியப்பு. 1826இல் தந்தை இறந்தபோது அல்பிரட் குருப்புக்கு வயது 14. நொடித்துப்போன சிறிய உருக்குப் பட்டறை ஒன்று அவர் கைக்கு வந்தது. பொருத்து இல்லாமல் வார்த்த ரயில் சக்கர வளையங்களும் பீரங்கிகளும் அவரை ஐரோப்பாவின் பெருமுதலாளி ஆக்கின. நிறுவனத்தின் சின்னமான மூன்று வளையங்கள் அந்தச் சக்கரங்களைத்தான் குறிக்கின்றன.

1870இல் மாளிகை வேலை தொடங்கியபோது அதன் வரைபடங்களை அவரே கீறினார். கட்டடக் கலைஞர்களோடு ஓயாமல் மோதினார். நெருப்பென்றால் அவருக்கு அப்படியொரு அச்சம். அதனால் மரத்தை இயன்றவரை ஒதுக்கி, கல்லாலும் இரும்பாலும் கட்டினார். அலங்காரத்தில் அவருக்கு நாட்டமில்லை. காற்றோட்டமும் வெப்பமூட்டலுமே அவர் கவலை. 1873இல் அவர் குடிபுகுந்தது, தொழிற்சாலைக்காரர் ஒருவர் தம் கணக்குப்படி கட்டிய வீட்டில். இன்று சுவர்களில் காணும் மரவேலைப்பாடும் சித்திரத் திரைகளும் பின்வந்த தலைமுறையினர் சேர்த்தவை.

ஆனால் அறைகளைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குருப் ஆலைகளில் ஏறத்தாழ 1,00,000 பேர் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்பட்டார்கள். பிற நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம்களில் இருந்தவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். அதற்காகவும் ஆக்கிரமித்த நாடுகளில் சொத்துகளைச் சூறையாடியதற்காகவும் அல்பிரட்டின் கொள்ளுப்பேரன் அல்பிரீட், 1948இல் நூரெம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1951இலேயே விடுதலையும் ஆனார். போர் முடிவில் நேச நாடுகள் கைப்பற்றியிருந்த மாளிகை 1952இல் குடும்பத்திடம் திரும்பி வந்தது. மறு ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இந்தக் கதையை நாம் தமிழில் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். போரையும் இடம்பெயர்வையும் அறியாத பெற்றோர் நம்மிடையே அரிது. அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச நாம் தயங்குகிறோம், அவர்களும் கேட்பதில்லை. அந்த மண்டபத்தில் நின்று, “இதையெல்லாம் யாருடைய உழைப்பில் கட்டினார்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், நம் வீடுகளில் இதுவரை எழாத கேள்விகளும் எழக்கூடும். அதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

நேரம் இருந்தால், மாலையில் மார்கரேத்தன்ஹோஹ குடியிருப்புக்கும் போங்கள். அல்பிரட்டின் மருமகள் மார்கரேத்த 1906இல் ஏற்படுத்திய அறக்கட்டளை கட்டியது அது. சிறிய வீடுகள், தோட்டங்கள், வளைந்து செல்லும் தெருக்கள் என்று மாளிகைக்கு நேரெதிரான அழகு. கியோர்க் மெட்சென்டோர்ஃப் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம் அது. மாளிகையைவிட எனக்கு அதுவே பிடிக்கும்.

சுற்றுலாவுக்கு முன் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். அதற்கான குறிப்புகளைத் தமிழில் எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
எசனில் வாழும் ஒரு பெற்றோர்