கூரையை ஜெனரல் பெட்டி நிற்கும் இடம் வரை நீட்டுங்கள்

மதிப்பிற்குரிய ரயில்வே அதிகாரிகளுக்கும், ஸ்டேஷன்களுக்குப் படம் வரைந்து கட்டும் பொறியாளர்களுக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துப் பயணி ஒருவனின் வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒவ்வொரு வேனலுக்கும் யாராவது ஒருவர் இதைப் பற்றி மனு கொடுக்கத்தான் செய்கிறார், நீங்களும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொல்லத்தான் செய்கிறீர்கள். அதனால் நேராக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரையில் எங்கள் மைனி தன் அம்மாவைச் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மதிய வண்டி, கையில் சாதாரண டிக்கெட். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே மட்டும் நாலு தகரத்தை மாட்டிவிட்டு ‘குறை தீர்க்கப்பட்டது’ என்று கோப்பை மூடிவிடுவீர்கள். ஜெனரல் பெட்டிகள் வண்டியின் முன்னாலும் பின்னாலும் இருக்கும், கூரையோ பிளாட்பாரத்தின் நடுவில் கொஞ்ச தூரத்துக்குத்தான் இருக்கும், வண்டி நிற்பது இரண்டே நிமிஷம், ஆகவே ஜெனரல் டிக்கெட் எடுத்தவர்கள் முன்கூட்டியே கடைசிக்குப் போய் வெயிலில் நின்றே ஆகவேண்டும். இவர்களும் போய் நின்றார்கள். அங்கே ஒரு ஸ்டீல் பெஞ்ச் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மதிய நேரத்தில் அதில் உட்காருவதும் இட்லிப் பானை மூடியின் மேல் உட்காருவதும் ஒன்றுதான். துவர்த்தை நனைத்து விரித்துப் பார்த்தார்கள், அதுவும் சூடேறிவிட்டது. வண்டி தாமதம் என்று அறிவிப்பு வேறு. அம்மாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்ததும் மைனி அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூரைக்குக் கீழே வந்து உட்கார்த்தினார்.

அப்போது பார்த்து வண்டி வந்தது. அந்த உடம்போடு திரும்பக் கடைசி வரைக்கும் ஓட முடியுமா? எதிரில் நின்ற முன்பதிவுப் பெட்டியில் ஏறிவிட்டார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து அபராதம் எழுதினார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவர் வேலை அது. ஆனால் அந்த ரசீதில் குற்றம் என்ன என்று உண்மையாக எழுதுவதென்றால் ‘நிழலில் நின்றது’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

ஏசி பெட்டியில் போகிறவர் நிழலில் காத்திருக்கலாம், ஜெனரல் பெட்டியில் போகிறவர் வெயிலில் காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கூரையின் நீளம் அதைத்தானே சொல்கிறது? 24 பெட்டி வண்டி அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். பிளாட்பாரத்தை அந்த நீளத்துக்குக் கட்டத் தெரிந்த உங்களுக்குக் கூரையை மட்டும் ஏன் பாதியில் நிறுத்தத் தோன்றுகிறது? பிளாட்பாரத்தின் இரண்டு கடைசி வரைக்கும் கூரை வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

‘கன்னியாகுமரியில் என்ன பெரிய வெயில், வேலூர் மாதிரி 40 டிகிரியா அடிக்கிறது’ என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். இங்கே தெர்மாமீட்டர் 34, 35 என்றுதான் காட்டும், சரி. ஆனால் கடல்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அப்புறம் அந்த 35 என்பது நிழலில் அளந்த கணக்கு, எங்களைத்தான் நீங்கள் நிழலிலேயே விடுவதில்லையே. நாங்கள் எட்டு டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பகல் 12.20 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், ஒதுங்கி நிற்க விளக்குக் கம்பத்தின் நிழல்கூடக் கிடைக்காது. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழும். டெல்லியில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் இருக்கும், அந்த ஊருக்குப் போட்ட படத்தை இங்கே கொண்டுவந்தால் சரிப்படாது.

கூரையைப் பற்றியும் சொல்லவேண்டும். வெறும் ஒற்றைத் தகர ஷீட் போட்டால் உச்சி வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும், அந்தச் சூடு கீழே நிற்பவன் தலையில்தான் இறங்கும். மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பது, ஷீட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பாய் கொடுப்பது, இல்லாவிட்டால் இரண்டு ஷீட்டுக்கு நடுவில் காற்றோட இடைவெளி விடுவது, இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டிய சங்கதிகள் இல்லை. அதேபோல, இரண்டு பக்கமும் சிறகு தூக்கின மாதிரிக் கூரைகள் படத்தில் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஓரம் உயர்ந்தால் சாய்வெயிலும் சாரலும் நேரே உள்ளே வரும். மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது, கூரையைத் தண்டவாளத்தின் பக்கம் இஷ்டத்துக்கு இறக்க முடியாது, அது எங்களுக்கும் புரிகிறது. வெளிப்பக்கம் இறக்கலாமே? அங்கே மரம் வைக்கலாமே? இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது, புன்னையும் பூவரசும் கேட்காமலே வளரும்.

தெரியவில்லை என்றால் ஒரு நடை தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வந்து பாருங்கள். தாழ இறங்கின ஓட்டுக்கூரை, அகலமான இறவாணம், காற்றை விட்டு வெயிலை வடிகட்டும் மரச்சட்டங்கள். சித்திரை மதியத்திலும் உள்ளே நிம்மதியாக நிற்கலாம். மின்விசிறி வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் கட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

இப்போது அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுவதும் 1,300-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கிறீர்கள். நல்லது. முகப்புக்கு அலங்கார வளைவு, இரவில் கலர் விளக்கு, படம் எடுத்துக்கொள்ள செல்ஃபி பாயிண்ட். அந்த செல்ஃபி பாயிண்டுக்குக் கூரை போடுவதாக இருந்தால் தயவுசெய்து அதைப் பிளாட்பாரத்தின் கடைசியில் வையுங்கள், நாங்கள் அதற்குள் நின்றுகொள்கிறோம்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசே 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது, ஆகவே இது வசதி கேட்கும் மனு என்று ஒதுக்காமல் பார்க்கவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மாவட்டத்தில் வண்டி நிற்கும் எல்லா ஸ்டேஷனிலும் கூரையை ஜெனரல் பெட்டி நிற்கும் இடம் வரை நீட்டுங்கள், நீட்டுவதை வெறும் தகரமாக நீட்டாதீர்கள். நிதி வர நாளாகும் என்றால் அதுவரை அந்த இடத்தில் காற்றுக்குப் பறக்காத மாதிரி ஒரு பந்தலும், சூடேறாத ஒரு பெஞ்சும், குடிக்கத் தண்ணீரும் வையுங்கள். எந்த ஸ்டேஷனில் எப்போது வேலை தொடங்கும் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையிலும் தேதியோடு ஒட்டிவிட்டால், அடுத்த வேனலுக்கு இன்னொருவர் மனு எழுத வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
சாதாரண டிக்கெட்டில் போகும் ஒரு பயணி