விளாச்சேரிப் பெரியவருக்கும் கைகொடுத்த எல்லாருக்கும்

அந்த மழையில் சேறு புகுந்து எங்கள் பள்ளி ஆய்வகம் என்ன ஆயிற்று என்பதை ஊரே பார்த்தது, திரும்பச் சொல்லப்போவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்று செய்முறைத் தேர்வை நல்லபடியாக முடித்துவிட்டார்கள். அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

சேறு அள்ள வந்த பெற்றோர், நுண்ணோக்கிகளை இரவல் தந்த பக்கத்துப் பள்ளி, வண்ணங்கள் அனுப்பிய முன்னாள் மாணவர்கள், இரத்த நாளங்களுக்காகச் சிவப்பிலும் நீலத்திலும் நூலுக்குச் சாயமேற்றித் தந்த சுங்குடித் தொழில் செய்யும் தாய்மார்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

விளாச்சேரிப் பொம்மைக் கலைஞரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இதய மாதிரி செய்யக் களிமண் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்கத்தான் போனேன். மறுநாள் மண்ணோடு அவரே வகுப்புக்கு வந்துவிட்டார். கொலுவுக்கு அச்சில் எடுத்த செட்டியார் பொம்மை ஒன்றையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் கண்ணெதிரே அதைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தார். விற்க வேண்டிய பொம்மை! நான் பதறியபோது, ஈர மண்தானே, மறுபடி பிசைந்துகொள்வேன் என்றார். உள்ளே வெற்றிடம், சுற்றிலும் ஒரே கனத்தில் சுவர். கனம் கூடிக் குறைந்தால் காயும்போதே விரிசல் விட்டுவிடுமாம்.

“அப்படியானால் இதயம் விரிசல் விட்டுவிடுமே தாத்தா” என்றாள் ஒரு மாணவி. வலது வெண்ட்ரிக்கிள், அதாவது இதயத்தின் வலது கீழறை, அருகிலுள்ள நுரையீரலுக்குத்தான் இரத்தத்தைத் தள்ளுகிறது. இடது வெண்ட்ரிக்கிளோ உடல் முழுவதற்கும் தள்ள வேண்டும். அதனால் இடப்பக்கச் சுவர் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன் என்று அவளே அவருக்குப் பாடம் நடத்தினாள். நான் கரும்பலகையில் வரைந்தபோதெல்லாம் அந்த மூன்று மடங்கு யார் கண்ணையும் உறுத்தியதில்லை. பெரியவர் சற்று யோசித்து, மண் வேண்டாம், காகிதக்கூழில் செய்வோம் என்றார்.

செய்து முடித்ததை ஒரு பையன் தன் மார்போடு வைத்துப் பார்த்தான். புத்தகப் படத்தில் இடது ஏன் வலப்பக்கம் இருக்கிறது என்று ஆண்டுதோறும் எழும் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைப் பிடுங்கிக்கொள்வது நம் பள்ளிகளின் வழக்கம். இனி மாதம் ஓர் உயிரியல் வகுப்பை ஓவிய ஆசிரியருக்கு நான் விட்டுத்தருவேன். இதை எழுத்திலேயே தருகிறேன், தலைமையாசிரியரும் படிக்கட்டும்.

அடுத்து சிறுநீரகம். பழைய செய்தித்தாள் இருப்பவர்கள் பள்ளி வாசலில் கொடுத்துவிடுங்கள். பளபளப்பான வாரஇதழ்கள் வேண்டாம். அவை எளிதில் ஊறாது என்கிறார் பெரியவர்.